சத்யம் கணக்கில் 5,040 கோடி ரூபாய் எப்படி முளைத்தது?

2009 ஜனவரி 7 அன்று, ஹைதராபாத் மென்பொருள் நிறுவனமான சத்யம் கம்ப்யூட்டர்ஸின் தலைவர் ராமலிங்க ராஜு தன் இயக்குநர் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினார். ரொக்கமும் வங்கி இருப்புமாகக் கணக்கில் காட்டிய 5,361 கோடி ரூபாயில் 5,040 கோடி வெறும் எழுத்துதான் என்று அதில் ஒப்புக்கொண்டார். அன்றே பங்கு விலை முக்கால்வாசிக்கு மேல் சரிந்தது.

போலிப் பணம் ஏன் வங்கி இருப்பில் போய்ச் சேர்ந்தது? மோசடியின் சூட்சுமமே அங்கேதான் இருக்கிறது.

லாபத்தை ஊதிக் காட்ட முதலில் விற்பனையை ஊத வேண்டும். அதற்குப் போலி இன்வாய்ஸ், அதாவது வாடிக்கையாளருக்கு அனுப்பும் விலைப்பட்டியல், போதும். அப்படி 7,561 இன்வாய்ஸ்கள் இருந்ததாக சி.பி.ஐ. கண்டறிந்தது. ஆனால் கணக்கில் ஒரு பக்கம் விற்பனை ஏறினால், மறுபக்கம் வாடிக்கையாளர் தர வேண்டிய பாக்கியும் ஏறும். பாக்கி மாதக்கணக்கில் வசூலாகாமல் கிடந்தால் யாராவது கேட்பார்கள். சரி, வசூலாகிவிட்டது என்று எழுத வேண்டியதுதான். எழுதியவுடன் தொகை வங்கி இருப்புக்குத் தாவிவிடும். அப்புறம் அதற்கு வங்கி அறிக்கையும் வைப்பு ரசீதும் போலியாகத் தயாராக வேண்டும். வைப்பு இருந்தால் வட்டி வர வேண்டுமே? 376 கோடி ரூபாய் வட்டியும் கணக்கில் ஏறியது. ஒவ்வொரு காலாண்டும் முந்தைய பொய்யைச் சுமந்துகொண்டே ஓடியது. 2008 செப்டம்பர் காலாண்டில் காட்டிய லாப விகிதம் 24 சதவீதம். உண்மையில் 3 சதவீதம். புலிமேல் ஏறியவன் இறங்க வழி தெரியாமல் தவிப்பதுபோல இருந்தது என்று ராஜுவே அந்தக் கடிதத்தில் எழுதினார்.

இறங்குவதற்கும் ஒரு வழி பார்த்தார்கள். 2008 டிசம்பரில், ராஜுவின் குடும்பத்தோடு தொடர்புடைய இரண்டு மேட்டாஸ் நிறுவனங்களை 160 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக சத்யம் அறிவித்தது. இல்லாத பணத்தைக் கொடுத்ததாக எழுதிவிட்டு, அந்த இடத்தில் உண்மையான சொத்தை வைக்கும் திட்டம் அது. முதலீட்டாளர்கள் கொதித்தெழ, அறிவிப்பைச் சில மணி நேரத்திலேயே கைவிட்டார்கள்.

இத்தனை ஆண்டுகள் ஆடிட்டர்கள் என்ன செய்தார்கள்? என் கோபமெல்லாம் இங்கேதான். விற்பனையையும் பாக்கியையும் நிறுவனமே எழுதிக்கொள்ளலாம். ஆனால் வங்கி இருப்புக்கு வெளியில் ஒரு சாட்சி உண்டு. ஆடிட்டர் வங்கிக்கு நேராகக் கடிதம் அனுப்பி, பதிலையும் நேராகப் பெற்றால் போதும். அந்த வேலையை சத்யம் நிர்வாகத்தின் கையிலேயே விட்டுவிட்டார்கள் என்று அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் 2011இல் சொன்னது. யாரைச் சோதிக்க வேண்டுமோ, அவரிடமே சாட்சியை அழைத்துவரச் சொன்ன கதைதான்.

2015இல் ராஜுவுக்கு விசாரணை நீதிமன்றம் ஏழாண்டுச் சிறை விதித்தது. அதற்கு முன்பே, 2013 கம்பெனிச் சட்டம் தணிக்கை நிறுவனங்களைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும் என்றது. மோசடி கண்ணில் பட்டால் ஆடிட்டர் புகார் செய்வதையும் கடமையாக்கியது. ஆடிட்டர்களைக் கண்காணிக்கும் தேசிய நிதி அறிக்கை ஆணையம் 2018இல் வந்தது. எல்லாம் தேவையானவைதான். ஆனாலும் அந்த ஒரு நேரடிக் கடிதத்தின் வேலையை வேறு எதுவும் செய்துவிடாது.

2020இல் ஜெர்மனியின் வயர்கார்டு நிறுவனம் தன் கணக்கில் இருப்பதாகச் சொன்ன 190 கோடி யூரோவை யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. பிலிப்பைன்ஸில் இரண்டு வங்கிகளில் அது இருப்பதாகக் காகிதங்கள் சொல்லின. இரண்டு வங்கிகளும் அந்தக் காகிதங்கள் போலி, வயர்கார்டு எங்கள் வாடிக்கையாளரே இல்லை என்று பதில் சொன்னபிறகு, சில நாட்களிலேயே நிறுவனம் திவாலானது.