இயர்போனில் பேஸ் எங்கே ஒழுகுகிறது?

தக்கலையிலிருந்து நாகர்கோவிலுக்கு பேருந்தில் கல்லூரி போய்வரும் தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: "அண்ணா, சிங்காரி மேளம் போட்டால் இலத்தாளம் மட்டும் கணீரென்று கேட்கிறது, செண்டையின் அதிர்வையே காணோம். இயர்போன் போச்சா?" (இலத்தாளம் என்பது கையால் தட்டும் உலோகத் தாளம், செண்டை குச்சியால் அடிக்கும் மேளம்.)

போயிருக்காது என்றுதான் நினைக்கிறேன். அது காதில் உட்கார்ந்திருக்கும் விதத்தை முதலில் பார்க்க வேண்டும்.

ஒலி என்பது காற்றழுத்தத்தின் ஏற்ற இறக்கம், பள்ளியில் படித்ததுதான். செண்டையின் அதிர்வு போன்ற தாழ்ந்த ஒலிகளைத்தான் பேஸ் என்கிறோம். அப்படிப்பட்ட 50 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 50 அதிர்வு) ஒலியின் அலைநீளம் கிட்டத்தட்ட 7 மீட்டர். நம் காதுக்குழாயோ சுமார் 2.5 செ.மீ. அவ்வளவு நீள அலை இதற்குள் ஓடுவதற்கு இடமே இல்லை. அதனால் உள்ளே அடைபட்ட காற்று மொத்தமும் ஒன்றாக அமுங்கி, ஒன்றாக விரிகிறது. ஊசி போடும் சிரிஞ்சின் நுனியை விரலால் அடைத்துக்கொண்டு அழுத்திப் பாருங்கள், அதேதான். அந்தக் காற்றின் கன அளவு லட்சத்தில் ஒரு பங்கு கூடிக் குறைந்தாலே ஒலி 90 டெசிபலைத் தாண்டிவிடும்! நகக்கண் அளவு சவ்வு ஒன்று செண்டையை அதிர வைக்கும் ரகசியம் இதுதான். எத்தனை தடவை யோசித்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

சரி, இயர்போனின் நுனி ரப்பருக்கும் காதுக்கும் நடுவே சின்ன இடைவெளி விழுந்தால்? 50 ஹெர்ட்ஸில் ஒவ்வொரு அமுக்கமும் 10 மில்லி விநாடி நீடிக்கிறது. காற்று வெளியேற அது தாராளம். அழுத்தம் சேர்வதற்குள் கசிந்துவிடும். 5,000 ஹெர்ட்ஸில் கிடைப்பது 0.1 மில்லி விநாடிதான். இடைவெளியில் நிற்கும் காற்று தன் நிலைமத்தை மீறி நகரத் தொடங்கும் முன்பே அழுத்தம் திசை மாறிவிடுகிறது. இலத்தாளம் தப்பிக்கிறது, செண்டை ஒழுகிவிடுகிறது. பேருந்து எஞ்சினின் உறுமல் வேறு மிச்சமிருக்கும் பேஸை மூடிவிடும்.

அப்புறம் எல்லோரும் வால்யூமைக் கூட்டுவார்கள். அதைத்தான் செய்யக்கூடாது. ஒழுகிய பேஸ் ஈடாகாது, கூரிய ஒலிகள்தான் செவியைத் தாக்கும். பெரியவர்களுக்கு வாரம் 40 மணி நேரம், 80 டெசிபல் என்பதே உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு.

கசிவு காதின் அளவையும் பொறுத்தது. இயர்போன்களைச் சோதிக்கப் பயன்படும் 'கெமார்' என்ற மனித உருவப் பொம்மை 1972இல் வந்தது. சராசரி அமெரிக்கர்களின் அளவில் செய்யப்பட்டது அது. நம் ஊர்க் காதுகளையும் அளந்து பொம்மை செய்ய நம் பல்கலைக்கழகங்களுக்குப் பணம் ஒதுக்கவேண்டும். அது வீண்செலவே அல்ல.

தம்பி, பாட்டு ஓடும்போது இயர்போனை விரலால் லேசாக உள்ளே அழுத்துங்கள். பேஸ் கூடினால் கசிவு இருக்கிறது. அடுத்த அளவு ரப்பரை மாட்டி, மறு கையால் காதுமடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்துச் செருகுங்கள். இரண்டு காதுக்கும் வேறு வேறு அளவு தேவைப்படலாம், அதில் தப்பில்லை. காதை மூடும் பெரிய ஹெட்போன் என்றால், மூக்குக்கண்ணாடியின் காம்பு மெத்தையைத் தூக்குகிறதா என்று பாருங்கள்.