விரலை வைத்தால் கேட்கிறது, எடுத்தால் போய்விடுகிறது

வீட்டில் சொந்தமாக ரேடியோ ரிசீவர் கட்டும் யாரையும் இது ஒருநாள் குழப்பியே தீரும். சர்க்யூட்டை வரைபடத்தில் உள்ளபடியே கட்டியாயிற்று. ஒவ்வொரு ரெசிஸ்டரையும் இரண்டு முறை சரிபார்த்தாயிற்று. பேட்டரியை மாட்டினால் ஸ்பீக்கரில் வெறும் 'ஸ்ஸ்' என்ற இரைச்சல். எதற்கும் பார்ப்போம் என்று ஆன்டெனா பக்கத்துக் காயிலில் விரலை வைத்தால், மோர்ஸ் சத்தம் பளிச்சென்று வருகிறது. விரலை எடுத்தால் நின்றுவிடுகிறது. பேயும் இல்லை பிசாசும் இல்லை. எல்லாம் சில பைக்கோஃபாரட் (கெபாசிட்டரை அளக்கும் மிகச் சிறிய அலகு) செய்யும் வேலை.

ஹாம் (அமெச்சூர்) ரேடியோக்காரர்கள் முதலில் கட்டிப் பழகும் 7 மெகாஹெர்ட்ஸ் டைரக்ட் கன்வர்ஷன் ரிசீவரையே எடுத்துக்கொள்வோம். அதன் தத்துவம் எளிது. ஆன்டெனாவில் 7.100 மெகாஹெர்ட்ஸில் ஒரு சிக்னல் வருகிறது. ரிசீவருக்குள் ஓர் ஆசிலேட்டர், அதாவது தானே அலையை உண்டாக்கும் சர்க்யூட், 7.099 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. மிக்சர் இரண்டையும் கலந்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசமாகிய 1 கிலோஹெர்ட்ஸை வெளியே தள்ளுகிறது. அது காதுக்குக் கேட்கும் ஒலி. அதைப் பெருக்கினால் போதும். என்.இ.602 என்ற எட்டுக்கால் ஐ.சி. ஒன்றே ஆசிலேட்டர், மிக்சர் இரண்டு வேலையையும் பார்க்கும். அதற்குப் பின்னால் எல்.எம்.386 ஆடியோ பெருக்கி.

காகிதத்தில் இவ்வளவுதான். ஆனால் இந்த அதிர்வெண்ணில், காகிதத்தில் வரையாத பாகங்களும் சர்க்யூட்டில் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. ஒரு சென்டிமீட்டர் கம்பி என்பது தோராயமாக 10 நானோஹென்றி காயில். பிரெட்போர்டில் (பற்றவைக்காமல் பாகங்களைச் செருகிக் கட்டும் பலகை) அடுத்தடுத்த இரண்டு வரிசைகளுக்கு நடுவே சில பைக்கோஃபாரட் கெபாசிட்டர். ஆடியோவில் இவற்றை யாரும் சட்டை செய்வதில்லை. 7 மெகாஹெர்ட்ஸில் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 5 மைக்ரோஹென்றி காயிலும் 100 பைக்கோஃபாரட் கெபாசிட்டரும் சேர்ந்தால் ஏறக்குறைய 7.1 மெகாஹெர்ட்ஸில் ஒத்திசையும். அதோடு வெறும் 10 பைக்கோஃபாரட் கூடுதலாகச் சேர்ந்தால் 6.8க்கு இறங்கிவிடும். இந்தியாவில் அமெச்சூர்களுக்கு ஒதுக்கப்பட்ட பட்டையே 7.0 முதல் 7.2 வரைதான், அதாவது 10 பைக்கோஃபாரடில் பட்டையைவிட்டே வெளியே போய்விடலாம். இவ்வகைச் சர்க்யூட்டுக்குப் பிரெட்போர்டு வேண்டாம் என்று பழகியவர்கள் சொல்வது இதனால்தான். காப்பர் பூசிய வெற்று போர்டைக் கிரவுண்டாக வைத்து, பாகங்களின் கால்களைக் குட்டையாக வெட்டி அதன் மேலேயே பற்றவைத்தால் பார்க்க அசிங்கமாக இருக்கும், வேலை அருமையாக நடக்கும்.

விரல் விஷயமும் இப்போது புரிந்திருக்கும். விரல் காயிலோடு கொஞ்சம் கெபாசிட்டன்ஸைச் சேர்க்கிறது. மேலே எங்கேயோ ஒத்திசைந்துகொண்டிருந்த காயில் 7.1க்கு இறங்குகிறது, நிலையம் கேட்கிறது. அப்படியானால் டிரிம்மரை (திருகி மாற்றும் சிறு கெபாசிட்டர்) கொஞ்சம் கூட்ட வேண்டும், அல்லது காயில் சுற்று குறைந்திருக்கிறது. இன்னொரு வாய்ப்பும் உண்டு: உங்கள் உடம்பே ஆன்டெனாவாகி, அறுந்துகிடக்கும் ஆன்டெனா இணைப்புக்குப் பதிலாக வேலை செய்யலாம். இரண்டையும் பிரித்தறிய, டொராய்டு வளையத்தில் சுற்றிய கம்பிகளை ஒரு பிளாஸ்டிக் குச்சியால் நெருக்கிப் பாருங்கள். நெருக்கினால் இண்டக்டன்ஸ் கூடும், பரப்பினால் குறையும். நெருக்கும்போது சத்தம் கூடினால் காயில்தான் குற்றவாளி.

காயிலில் வேறு இரண்டு இடங்களிலும் அடிக்கடி சறுக்கும். கம்பி வளையத்தின் ஓட்டைக்குள் ஒருமுறை போனாலே அது ஒரு சுற்று; வெளியே முழுதாய்ச் சுற்றி வந்த பிறகுதான் 'ஒன்று' என எண்ண ஆரம்பித்தால் ஒரு சுற்று அதிகமாகிவிடும். அடுத்தது எனாமல், அதாவது கம்பி மேல் பூசியிருக்கும் மின்காப்புப் பூச்சு. நுனியைச் சுரண்டாமல் பற்றவைத்தால் ஈயம் கம்பியைச் சுற்றிப் பளபளவென்று உட்கார்ந்திருக்கும், தொடர்பு மட்டும் இருக்காது. மல்டிமீட்டரில் காயிலின் இரு முனைகளையும் வைத்துப் பார்த்தால் ஒரே நொடியில் தெரிந்துவிடும். சிவப்பு நிற இரும்புத்தூள் டொராய்டு சென்னை ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் அகப்படாவிட்டாலும் கவலையில்லை. ஹைதராபாத்தின் அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்து உலகம் முழுக்கப் பரவிய பிட்எக்ஸ் டிரான்ஸீவரில் (அனுப்பவும் கேட்கவும் உதவும் ரேடியோ), தண்ணீர்க் குழாய் வாஷர் மேல்தான் காயில் சுற்றச் சொன்னார். சுற்று அதிகம் தேவைப்படும், அவ்வளவுதான்.

சரி, இரைச்சலே இல்லாமல் செத்துக்கிடந்தால்? கடைசியிலிருந்து முன்னோக்கி வர வேண்டும். வால்யூம் கன்ட்ரோலின் நடுக்காலை ஸ்க்ரூடிரைவரால் தொட்டால் 'உர்ர்' என்று வந்தால் ஆடியோ உயிரோடு இருக்கிறது. 'டுப் டுப் டுப்' என்று படகு மோட்டார் போல அடித்தால் பெரும்பாலும் சப்ளையில்தான் கோளாறு: பேட்டரி களைத்திருக்கிறது, ஐ.சி. பக்கத்தில் சில நூறு மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் இல்லை. என்.இ.602க்கு 4.5 முதல் 8 வோல்ட் வரைதான் கொடுக்க வேண்டும், எல்.எம்.386க்குக் கொடுக்கும் 12 வோல்ட்டை இதற்கும் கொடுத்தால் போயிற்று. டிரான்சிஸ்டரில் கட்டியிருந்தால் கால் வரிசையைப் பாருங்கள். தட்டை முகம் நம்மைப் பார்க்க, கால்கள் கீழே இருக்க, பி.சி.547இல் இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். 2என்3904இல் அப்படியே தலைகீழ். ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைப் போடுபவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஆடியோ சரி என்றால் அடுத்து ஆசிலேட்டர். இங்கேதான் அளக்கும் கருவியே எதிரியாகிறது. ஆசிலோஸ்கோப் (அலையைத் திரையில் காட்டும் கருவி) புரோபை, சிக்னலைக் குறைக்காத 1எக்ஸ் நிலையில் வைத்துத் தொட்டால் ஏறக்குறைய 100 பைக்கோஃபாரடைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறீர்கள். ஓடிக்கொண்டிருந்த ஆசிலேட்டர் நின்றேபோகலாம், நீங்களும் அது செத்துவிட்டது என்று முடிவுகட்டலாம். 10எக்ஸ் நிலையில் பத்துப் பதினைந்துதான். என்.இ.602இல் 6ஆம் கால் ஆசிலேட்டரின் பேஸ், 7ஆம் கால் எமிட்டர். தொட்டே ஆக வேண்டுமென்றால் 7ஐத் தொடுங்கள், பாதிப்பு குறைவு.

என்னைக் கேட்டால் தொடவே வேண்டாம். பக்கத்தில் ஒரு சாதாரண ஷார்ட்வேவ் ரேடியோவை வைத்து 7.1 மெகாஹெர்ட்ஸ் பக்கம் மெல்லத் திருப்புங்கள். உங்கள் ஆசிலேட்டர் ஓடும் இடம் வந்ததும் ரேடியோவின் 'ஸ்ஸ்' இரைச்சல் சட்டென்று அடங்கும். பேச்சோ பாட்டோ ஏற்றாத வெறும் அலை அங்கே இருக்கிறது என்று பொருள். பேட்டரியைக் கழற்றினால் இரைச்சல் திரும்ப வரும். ஆசிலேட்டர் ஓடுகிறதா, எங்கே ஓடுகிறது, நேரமாக ஆக நகர்கிறதா, மூன்றுக்கும் இதிலேயே பதில் கிடைக்கும்.

எல்லாம் சரியாகி நிலையங்கள் கேட்க ஆரம்பித்த பிறகு வரும் ஒரு கோளாறுதான் எனக்கு மிகவும் பிடித்தது. பேட்டரியில் சுத்தமாக இருந்த ரிசீவர், அடாப்டரில் மாட்டியதும் உறுமுகிறது. பெரிய கெபாசிட்டர் போட்டாலும் போகாது. விசித்திரம் என்னவென்றால், டியூன் செய்யச் செய்ய உறுமல் கூடிக் குறைகிறது. சப்ளையில் வரும் சாதாரண உறுமலுக்கு டியூனிங்கோடு என்ன சம்பந்தம்? நடப்பது இது: ரிசீவரின் ஆசிலேட்டர் அலை கொஞ்சம் வெளியே கசிந்து, அடாப்டர் ஒயர் வழியாக அதன் டயோடுகளுக்குப் போய்ச் சேர்கிறது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை டி.சி.யாக்கும் அந்த டயோடுகள் நொடிக்கு 100 முறை திறந்து மூடுகின்றன. போன அலை, 100 ஹெர்ட்ஸ் ஏறிய அலையாகத் திரும்பி ஆன்டெனாவுக்குள் நுழைகிறது. ரிசீவர் தன் குரலையே தான் கேட்டு உறுமுகிறது! சப்ளை ஒயரை ஃபெரைட் வளையத்தில் பல சுற்று சுற்றினால், ஒவ்வொரு டயோடுக்கும் குறுக்கே 0.01 மைக்ரோஃபாரட் போட்டால் பெரும்பாலும் அடங்கும். பேட்டரியிலேயே ஓட்டுவது இன்னும் நிம்மதி.

இரவில் இன்னொன்று வரும். எந்தப் பக்கம் டியூன் செய்தாலும் அதே ஒலிபரப்பு நிலையம் அடியில் பேசிக்கொண்டே இருக்கும். 7.2க்கு மேலே ஒலிபரப்பு நிலையங்களின் பட்டை; அவற்றின் பலம் மிக்சரைத் திணறடித்து, ஆசிலேட்டரின் உதவியில்லாமலே ஆடியோவாக மாறிவிடுகிறது. பெருக்கத்தைக் கூட்டினால் இன்னும் மோசமாகும். ஆன்டெனாவுக்கும் ரிசீவருக்கும் இடையே 1 கிலோஓம் பொட்டன்ஷியோமீட்டர் ஒன்றைப் போட்டு சிக்னலைக் குறைத்தால், வேண்டாத நிலையம் வேண்டிய சிக்னலைவிட வேகமாக மறையும்.

கடைசியாக டப்பா. மேசைமேல் சரியாக டியூன் ஆன ரிசீவரை உலோக டப்பாவில் போட்டு மூடினால் அதிர்வெண் மறுபடி நகரும், ஏனென்றால் மூடியும் ஒரு கெபாசிட்டர் தகடுதான். ஆகவே டிரிம்மருக்கு நேர்மேலே மூடியில் ஒரு துளை போட்டுக்கொண்டு, மூடித் திருகிய பிறகு பிளாஸ்டிக் ஸ்க்ரூடிரைவரால் கடைசித் திருத்தத்தைச் செய்யுங்கள்.