ஒல்லியாக இருந்தாலும், வீட்டில் யாருக்கும் சுகர் இல்லையென்றாலும்: கர்ப்பகாலச் சர்க்கரைப் பரிசோதனை விதி

"எங்க குடும்பத்தில் யாருக்கும் சுகர் கிடையாது. நானும் ஒல்லிதான், வயசும் 23. எனக்கு எதுக்கு இந்தக் குளுக்கோஸ் தண்ணி?" ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள் கூடும் இடத்தில் இந்தக் கேள்வி அடிக்கடி காதில் விழும். நியாயமான கேள்விதான். இதற்கான பதில் அரசு விதியிலேயே இருக்கிறது.

தமிழ்நாட்டில் 2007 முதல் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சர்க்கரைப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது அரசு உத்தரவு. நாடு முழுவதற்குமான வழிகாட்டுதலை மத்திய சுகாதார அமைச்சகம் 2014-இல் வெளியிட்டு 2018-இல் திருத்தியது. அதுவும் இதையே சொல்கிறது. உடல் எடை அதிகம், வயது கூடுதல், அம்மா அப்பாவுக்குச் சர்க்கரை, முந்தைய பிள்ளை பெரிதாகப் பிறந்தது, சினைப்பை நீர்க்கட்டி என்று பட்டியல் போட்டு, அதில் வருபவர்களை மட்டும் சோதிக்கும் வழக்கம் சில நாடுகளில் உண்டு. இங்கே அந்த வடிகட்டல் கிடையாது. கர்ப்பிணியா, பரிசோதனை உண்டு. அவ்வளவுதான்.

இப்படி முடிவெடுக்கக் காரணம் இருந்தது. சென்னை நீரிழிவு மருத்துவர் வீ. சேஷய்யாவும் அவருடைய குழுவினரும் தமிழ்நாட்டில் நடத்திய ஆய்வில், நகரத்துக் கர்ப்பிணிகளில் 17.8 விழுக்காட்டினருக்கும், சிறு நகரங்களில் 13.8 விழுக்காட்டினருக்கும், கிராமங்களில் 9.9 விழுக்காட்டினருக்கும் கர்ப்பகாலச் சர்க்கரை இருந்தது. வயல் வேலைக்குப் போகும் பெண்கள் இருக்கும் கிராமத்திலேயே பத்தில் ஒருவர்! தெற்காசியப் பெண்களுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு இயல்பாகவே அதிகம். அப்படிப் பார்த்தால், 'எனக்கு எந்தக் காரணமும் இல்லை' என்று இங்கே யாரும் உறுதியாகச் சொல்லிவிட முடியாது.

உடலுக்குள் நடப்பது இதுதான். நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் தாயின் உடலில் இன்சுலின் வேலை செய்வதை மந்தமாக்குகின்றன. பிள்ளைக்குத் தடையில்லாமல் சத்து போய்ச் சேர இயற்கை செய்திருக்கும் ஏற்பாடு அது. ஆறாம் மாதத்துக்கு மேல் இந்த மந்தம் கூடிக்கொண்டே போகும். ஈடுகட்ட, தாயின் கணையம் வழக்கத்தைவிட நிறைய இன்சுலின் சுரக்க வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு அது முடிகிறது, சிலருக்கு முடிவதில்லை. கணையத்தின் அந்தத் தாக்குப்பிடிக்கும் திறனை இடுப்பளவை வைத்தோ முகத்தைப் பார்த்தோ யாராலும் சொல்ல முடியாது. அறிகுறியும் பெரும்பாலும் தெரியாது. தாகம், அடிக்கடி சிறுநீர், அசதி எல்லாம் எந்தக் கர்ப்பிணிக்கும் இருப்பவைதானே.

சரி, பரிசோதனை எப்படி நடக்கும்? வெறும் வயிற்றில் போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. காலையில் சாப்பிட்டிருந்தாலும் செய்யலாம். 75 கிராம் குளுக்கோஸை ஏறக்குறைய 300 மில்லி தண்ணீரில் கரைத்துத் தருவார்கள். ஐந்து முதல் பத்து நிமிடத்துக்குள் குடித்து முடிக்க வேண்டும். இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு முறை ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். 140 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை. குடித்த அரை மணி நேரத்துக்குள் வாந்தி வந்துவிட்டால் இன்னொரு நாள் திரும்பச் செய்ய வேண்டும். அதற்குப் பிறகு வந்தால் பரிசோதனையைத் தொடரலாம். அந்த இரண்டு மணி நேரமும் அங்கேயே உட்கார்ந்திருங்கள். வேறு எதுவும் சாப்பிட வேண்டாம்.

தனியார் மருத்துவமனைகளில் வெறும் வயிற்றில் தொடங்கி மூன்று முறை ரத்தம் எடுக்கும் முறையும் உண்டு. அதில் வரம்புகள் வெறும் வயிற்றில் 92, குடித்து ஒரு மணி நேரத்தில் 180, இரண்டு மணி நேரத்தில் 153; மூன்றில் ஒன்றை எட்டினாலே கர்ப்பகாலச் சர்க்கரைதான். இரண்டு முறைகளின் எண்களையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். எந்த முறையில் செய்தார்கள் என்று கேட்டுவிட்டு அறிக்கையைப் படியுங்கள். சிறுநீரில் சர்க்கரை பார்ப்பதும், மூன்று மாதச் சராசரி பார்க்கும் பரிசோதனையும் இதற்கு மாற்று ஆகாது.

பலரும் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. விதிப்படி பரிசோதனை ஒரு முறை இல்லை, இரண்டு முறை. கர்ப்பம் உறுதியாகி முதலில் போகும்போது ஒன்று. அது சரியாக இருந்தால் 24 முதல் 28 வாரத்துக்குள் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே குறைந்தது நான்கு வார இடைவெளி வேண்டும். முதன்முதலில் போவதே 28 வாரத்துக்கு மேல்தான் என்றால், போன உடனே ஒரு முறை. எந்த முன்காரணமும் இல்லாத பெண்களுக்கு முதல் பரிசோதனை பெரும்பாலும் நன்றாகவே வரும். நஞ்சுக்கொடி ஹார்மோன்கள் ஏறிய பிறகு, இரண்டாவதில்தான் பலருக்குத் தெரியவரும். அந்த நேரம் பார்த்து ஏழாம் மாத வளைகாப்பு வருகிறது, பெண் தாய்வீட்டுக்குப் போகிறாள். இங்கே பதிவு, அங்கே ஆள். புது ஊரில் யாரும் கேட்பதில்லை, பழைய ஊரில் யாரும் தேடுவதில்லை. வளைகாப்புத் தேதி குறிக்கும்போதே இந்தப் பரிசோதனைக்கும் ஒரு நாள் குறித்துவிடுங்கள். தாய்வீட்டுக்குப் போகும்போது தாய் சேய் நல அட்டையையும் கர்ப்பப் பதிவு எண்ணையும் கையோடு கொண்டுபோய், அந்த ஊர் கிராம சுகாதார செவிலியரிடம் காட்டுங்கள்.

அரசு நிலையங்களில் இதற்குக் காசு கிடையாது. 2011-இல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின்படி கர்ப்பிணிகளுக்குப் பரிசோதனை, மருந்து, பிரசவம், அறுவை சிகிச்சை எல்லாம் இலவசம். மாதாமாதம் 9-ஆம் தேதி நடக்கும் பிரதமரின் பாதுகாப்பான தாய்மைத் திட்ட முகாமில், நான்காம் மாதம் முதல் மருத்துவரே இலவசமாகப் பார்ப்பார். சந்தேகம் இருந்தால் 104 எண்ணில் கேட்கலாம்.

சர்க்கரை இருப்பதாக வந்துவிட்டால் உடனே ஊசி என்று பயப்பட வேண்டாம். முதலில் இரண்டு வாரம் உணவு மாற்றமும் நடைப்பயிற்சியும்தான். பட்டினி கிடக்கவே கூடாது. சோற்றின் அளவைக் குறைத்து, காய், பயறு, முட்டை, மீனைக் கூட்டி, மூன்று வேளையோடு இடையிடையே சிறிது சாப்பிடச் சொல்வார்கள். கேழ்வரகானாலும் கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்தால் சர்க்கரை சட்டென்று ஏறும். களியாகவோ அடையாகவோ அளவோடு சாப்பிடுவது பரவாயில்லை. இரண்டு வாரம் கழித்துச் சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் 120-க்குக் கீழே இருந்தால் அப்படியே தொடரலாம். 120-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ மெட்ஃபார்மின் மாத்திரையோ இன்சுலினோ தொடங்குவார்கள். இன்சுலின் போட்டால் வாழ்நாள் முழுக்கப் போடணும் என்பது தவறு. பெரும்பாலானவர்களுக்குப் பிரசவத்தோடு அது நின்றுவிடும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். "இனிப்பு தின்னே, அதான்" என்று அந்தப் பெண்ணைக் குற்றம் சாட்டாதீர்கள். அவள் சாப்பிட்ட லட்டால் வந்ததில்லை இது. பயத்திலும் குற்ற உணர்விலும் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு, அளவு கூடியதை மறைக்கும் பெண்கள் இருக்கிறார்கள். கெடுதல் அங்கேதான் தொடங்குகிறது. கட்டுப்படாத சர்க்கரையால் பிள்ளை அளவுக்கு மீறி வளரலாம், பிரசவம் சிக்கலாகலாம், பிறந்தவுடன் பிள்ளையின் சர்க்கரை சட்டென்று இறங்கலாம். அதனால்தான் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் தொடங்குவதையும், பிள்ளைக்குச் சர்க்கரை பார்ப்பதையும் வழிகாட்டுதல் வலியுறுத்துகிறது.

பிரசவம் முடிந்து ஆறு வாரத்தில் தாய்க்கு இன்னொரு குளுக்கோஸ் பரிசோதனை உண்டு. இது வெறும் வயிற்றில் போக வேண்டியது. அநேகம் பேர் பிள்ளை நினைப்பில் மறந்துவிடுவதும் இதைத்தான். பிள்ளைக்கு ஒன்றரை மாதத் தடுப்பூசியும் அதே சமயத்தில் வருவதால், ஒரே நாளில் இரண்டையும் முடிக்க முடியுமா என்று செவிலியரிடம் முன்கூட்டியே கேட்டுவைக்கலாம். கர்ப்பத்தில் சர்க்கரை வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் நிரந்தரமாகச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். ஆகவே அன்று அளவு சரியாக வந்தாலும் ஆண்டுக்கு ஒரு முறை பார்த்துக்கொள்ள வேண்டும். அடுத்த கர்ப்பம் என்றால், "போன தடவை எனக்குச் சர்க்கரை இருந்தது" என்று முதல் நாளே செவிலியரிடம் சொல்லிவிடுங்கள்.