சுதை: வெனீஷியன் பிளாஸ்டருக்கு என்ன தமிழ்?

காயத்தில் ஒட்டுவது பிளாஸ்திரி, சுவரில் பூசுவது பிளாஸ்டர். இரண்டும் ஒரே சொல்தான். கிரேக்க மொழியில் எம்ப்ளாஸ்ட்ரான் என்றால் உடம்பில் அப்பும் மருந்துப் பற்று. அது லத்தீனுக்குப் போய், தலையெழுத்தை உதிர்த்துவிட்டு ஆங்கிலத்துக்குள் வந்தது. முதலில் வைத்தியர் கையில் இருந்த சொல், அப்புறம்தான் கொத்தனார் கைக்கு மாறியது. தமிழில் இதே வேலையைச் 'சாந்து' பார்த்திருக்கிறது. மார்பில் பூசினால் சந்தனச் சாந்து, நெற்றியில் வைத்தால் சாந்துப்பொட்டு, செங்கல்மேல் அப்பினால் சுண்ணாம்புச் சாந்து. குழைத்துப் பூசுவது எதுவானாலும் நமக்குச் சாந்துதான்.

இதையெல்லாம் யோசிக்க வைத்தது உறவினர் வீட்டுச் சுவர் ஒன்று. ஹாலில் ஒரு பக்கம் மட்டும் 'வெனீஷியன் பிளாஸ்டர்' பூசலாம் என்று முடிவு செய்திருந்தார்கள். வேலைக்கு வந்த கொத்தனார், "அது என்னங்க வெனீஷியன்?" என்று கேட்டார். நான் கொஞ்சம் மிதப்பாக, "நம்ம சுதைதான்" என்றேன். அவர் சுவரை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார். "வீட்டுக்குள்ள எதுக்குங்க சாமி பொம்மை?" என்றார். தப்பு அவருடையது இல்லை. சுதை என்றால் இன்று கோபுரத்துப் பொம்மைதான் பலருக்கும் நினைவில் வருகிறது.

முதலில் பொருளைப் பார்த்துவிடலாம். நீற்றி நாள்பட ஊறவைத்த சுண்ணாம்போடு சலவைக்கல் தூளைச் சேர்த்துக் குழைத்து, மெல்லிய அடுக்குகளாக இழுத்து, கடைசி அடுக்கு முழுதாகக் காய்வதற்குள் எஃகுக் கரணையால் அழுத்தித் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பு ஏற்றும் பூச்சு இது. மேலே எண்ணெயோ வார்னிஷோ பூசி வரவழைத்த பளபளப்பு இல்லை. அழுத்தத்தில் துகள்கள் நெருங்கிப் படிவதால் வரும் பளபளப்பு. இதற்குப் பின்னால் இருக்கும் ரசாயனம் எளிமையானது. சுண்ணாம்புக் கல்லை ஏறக்குறைய 900 பாகை செல்சியஸுக்குச் சுட்டால் கரிக்காற்று (கார்பன் டை ஆக்சைடு) வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். அதில் தண்ணீர் விட்டால் கொதித்து நீறும். சுவரில் பூசிய பிறகு காற்றிலிருந்து அதே கரிக்காற்றைத் திரும்ப இழுத்துக்கொண்டு மெல்ல மெல்ல மறுபடி கல்லாகிறது. சலவைக்கல்லும் அதே கால்சியம் கார்பனேட்தான். ஆகவே, 'பார்க்கச் சலவைக்கல் மாதிரி இருக்கிறது' என்று சொல்வதில் பொய் அதிகம் இல்லை.

பெயரில்தான் குழப்பம். ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ், வெனிஸ் நகரம் உருவாவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, மணல் சாந்து மூன்று அடுக்கு, அதன்மேல் சலவைக்கல் தூள் கலந்தது மூன்று அடுக்கு என்று கணக்கு எழுதி வைத்துவிட்டார். வெனிஸ்காரர்கள் அதை 16ஆம் நூற்றாண்டில் திரும்பக் கையில் எடுத்தார்கள். அவர்களுக்குக் காரணமும் இருந்தது. கடற்கழிச் சேற்றில் மரக்கம்பங்களை அடித்து அவற்றின்மேல் நிற்கும் ஊர் அது. சலவைக்கல் பலகைகளைச் சுவரெல்லாம் பதித்தால் பாரம் ஏறும். கல்தச்சர் உடைத்துப் போட்ட சில்லுகளை அரைத்துச் சுண்ணாம்பில் கலந்தால் பாரமும் குறைவு, செலவும் குறைவு. சலவைக்கல்லுக்கு இத்தாலியச் சொல் மார்மோ. அதிலிருந்து இந்தப் பூச்சுக்கு மார்மொரீனோ என்று பெயர் வந்தது. 20ஆம் நூற்றாண்டில் கார்லோ ஸ்கார்ப்பா போன்ற வெனிஸ் கட்டடக் கலைஞர்கள் இதற்கு மறுவாழ்வு கொடுத்தார்கள்.

ஸ்டக்கோ என்ற இத்தாலியச் சாந்துப் பூச்சு இதற்கு அக்கா முறை. பழைய ஜெர்மானிய மொழியில் துண்டு, ஓடு என்ற பொருளில் வழங்கிய ஒரு சொல்லிலிருந்து இத்தாலிக்கு வந்தது. ஒரு எச்சரிக்கை: அமெரிக்காவில் ஸ்டக்கோ என்றால் வீட்டு வெளிச்சுவரில் சொரசொரப்பாக அடிக்கும் சிமெண்ட் பூச்சு. அந்த ஊர் வீடியோவைப் பார்த்துவிட்டு இங்கே கொத்தனாரிடம் ஸ்டக்கோ கேட்டால் வழுவழுப்பை எதிர்பார்த்த இடத்தில் முழங்கை உராயும்.

மொராக்கோவின் மராக்கேஷ் நகரத்தில் இதே குடும்பத்தில் ததலாக்ட் என்று ஒன்று உண்டு. அரபியில் தேய்த்தல், பிசைதல் என்ற பொருளுள்ள வேரிலிருந்து வந்த பெயர். ஆற்றுக் கூழாங்கல்லால் தேய்த்து, ஆலிவ் எண்ணெயில் செய்த கறுப்புச் சோப்பைப் பூசுவார்கள். சோப்பு சுண்ணாம்போடு சேர்ந்து தண்ணீர் இறங்காத படலமாகிவிடும். குளியலறைக்கே போடுகிறார்கள்.

சரி, நம் பக்கம் வருவோம். சுதை என்ற சொல்லுக்கு அமுதம், பால், வெண்மை, சுண்ணச் சாந்து என்று அகராதிகள் பொருள் தருகின்றன. வடமொழியில் சுதா. தேவர் உணவும் சுவர்ப் பூச்சும் ஒரே சொல்லில் இருப்பது அந்த வெண்மையால்தான். அந்தச் சுதாவிலிருந்து பிறந்தது சௌதம்: சுதை பூசிய வீடு, மாளிகை. பெங்களூரு விதான சௌதாவில் இருப்பது அதே சௌதம். 1956இல் கட்டி முடித்த அந்தக் கட்டடத்தின் சுவரெல்லாம் கருங்கல் என்பது வேறு விஷயம்.

தமிழில் இதற்கு நான் காட்ட விரும்பும் சாட்சி நெடுநல்வாடை. பாண்டிமாதேவியின் அரண்மனையைச் சொல்லும் இடத்தில் 'வெள்ளி யன்ன விளங்குஞ் சுதையுரீஇ' என்று வருகிறது. உரீஇ என்றால் பூசி. வெள்ளி போல ஒளிரும்படி சுதை பூசிய சுவர்! வெறும் வெள்ளையாக இருந்தால் பாலையோ கொக்கையோ உவமை சொல்லியிருக்கலாம். வெள்ளி என்றது, வெண்மையோடு மினுமினுப்பும் இருந்ததால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த அடியில் சுதைப் பொம்மை இல்லை. சுவர்தான் இருக்கிறது.

பிறகு அந்த மினுமினுப்பு வேறொரு பெயரில் உலகம் சுற்றியது. கிளிஞ்சலைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பை அம்மியில் அரைப்பது போல வெண்ணெய்ப் பதத்துக்கு அரைத்து, முட்டை வெள்ளைக்கரு, தயிர், நெய் சேர்த்துப் பூசி, மாக்கல் தூளிட்டு வழவழப்பான கல்லால் தேய்த்த பூச்சைப் பார்த்து மெட்ராஸ் வந்த ஆங்கிலேயர் அசந்துபோனார்கள். அவர்கள் வைத்த பெயர் 'மெட்ராஸ் சுனம்'. நம் சுண்ணம்தான் அது. அவர்கள் குறிப்புகளில் தயிர்கூட 'டயர்' என்று உருண்டு கிடக்கும். இந்திய ஆங்கிலச் சொற்களுக்காக 1886இல் வெளிவந்த ஹாப்சன் ஜாப்சன் அகராதியில் சுனம் என்ற சொல்லுக்குத் தனிப் பதிவே உண்டு. வெறும் சுண்ணாம்பு என்பதோடு, மெருகேற்றிய நயமான பூச்சு என்ற பொருளையும் அது தருகிறது. மதுரை திருமலை நாயக்கர் மகாலின் தூண்களில் கை வைத்துப் பார்த்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். ஹாங்காங்கில் மலைச்சரிவு மழையில் சரியாமல் இருக்க மண், சுண்ணாம்பு, சிமெண்ட் கலந்து பூசிவந்ததற்கும் சுனம் என்றுதான் பெயர். அங்கே மெருகு ஏதும் கிடையாது, பெயர் மட்டும் போய்ச் சேர்ந்திருக்கிறது.

செட்டிநாட்டில் முட்டைப் பூச்சு என்பார்கள். அதுவும் இதே வேலைதான். கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் கலவையில் சேரும். 'காரை'யும் நல்ல தமிழ்ச்சொல். ஆனால் அதை நாம் பெயர்ந்து விழும்போது மட்டுமே நினைக்கிறோம். காரை பெயர்ந்த வீடு என்போமே தவிர, காரை மின்னும் வீடு என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

அப்படியானால் எதை எடுப்பது? 'வெனிசு பூச்சு' என்று எழுதுகிறவர்கள் உண்டு. ஊர்ப்பெயரை மட்டும் தமிழாக்கி என்ன பயன்? 'அலங்காரச் சுண்ணாம்புப் பூச்சு' என்றால் கோலம் போட்ட மாதிரி இருக்கிறது, வழுவழுப்பு அதில் தெரியவில்லை. என் தேர்வு 'சுதை மெருகு'. சுதை பொருளைச் சொல்கிறது, மெருகு வேலையைச் சொல்கிறது, இரண்டும் சேர்ந்தால் பொம்மை நினைவு வராது. சுதை வடசொல் என்று முகம் சுளிப்பவர்கள் 'சாந்து மெருகு' என்று எழுதிக்கொள்ளட்டும், எனக்கு மறுப்பில்லை. கொத்தனாரிடம் பேசும்போது மட்டும் இரண்டையும் விட்டுவிட்டு, "சுண்ணாம்புப் பூச்சு, கரணையால் மெருகு ஏத்தணும்" என்று சொன்னால் வேலை நடக்கும்.

இன்னொன்று. கடைகளில் வெனீஷியன் என்று விற்கும் டப்பாக்கள் எல்லாம் சுண்ணாம்பு இல்லை. நிறைய டப்பாக்களில் இருப்பது அக்ரிலிக் பசை. பெயிண்டர் பட்டி பார்ப்பதற்கு அண்ணன் தம்பி என்று சொல்லலாம். பார்வைக்கு மோசமில்லை, விரைவில் காயும். ஆனால் அதைச் சுதை மெருகு என்று அழைக்க நான் சம்மதிக்க மாட்டேன். டப்பாவின் பின்பக்கத்தில் என்ன சேர்ந்திருக்கிறது என்று படித்துப் பாருங்கள். நிறத்தையும் கேளுங்கள். சுண்ணாம்பின் காரம் பல சாயங்களைத் தின்றுவிடும், செங்காவி, மஞ்சள் காவி போன்ற மண் நிறங்கள் அதில் நன்றாக நிற்கும். கண்ணைப் பறிக்கும் ஊதாவும் ரோஜாவும் அட்டையில் வரிசையாக இருந்தால் கொஞ்சம் சந்தேகப்படலாம்.

அந்த ஹால் சுவர் முடிந்து சில வாரம் ஆகிறது. கொத்தனார் கடைசி நாளில் உள்ளங்கையால் தடவிப் பார்த்துவிட்டு, "இதை முட்டைப் பூச்சுன்னு முதல்லயே சொல்லியிருக்கலாமே" என்றார்.