பற்றறி வாங்க முதல் ஒருக்கால் மீற்றரை வையுங்கள்

மோட்டார்சைக்கிளில் ஹோர்ன் அடிக்கவில்லை, சிக்னல் மினுங்கவில்லை என்றால் எங்கள் ஆட்கள் நேரே போய் நிற்கும் இடம் பற்றறிக் கடை. போன கிழமை மாங்குளம் பக்கத்திலிருந்து வந்த அண்ணைக்கு அது அந்த வருடத்தின் மூன்றாவது பற்றறி. "இப்ப எல்லாம் டூப்ளிக்கேற் சாமான், தம்பி" என்று கடைக்காரரைத் திட்டிக்கொண்டே வந்தார். சீற்றைக் கழற்றினால், எஞ்சினோடு சுற்றிக் கரண்ட் எடுக்கும் மக்னெற்றிலிருந்து, அதைப் பற்றறிக்கு ஏற்ற அளவில் கொடுக்கும் ரெகுலேற்றருக்குப் போகும் சொக்கற் கருகி உருகிப்போய்க் கிடக்கிறது. சார்ஜே ஏறாத பற்றறி எத்தனை நாளைக்கு நிற்கும்?

"லைற் எரியுதுதானே, பிறகென்ன சார்ஜ் இல்லை?" இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. பழைய 100 சிசி வண்டிகள் பலவற்றில் ஹெட்லைற் பற்றறியில் எரிவதில்லை. மக்னெற்றில் அதற்கென்று தனிக் காயில் (கம்பிச் சுருள்) இருக்கிறது, அதனால்தான் முறுக்கினால் வெளிச்சம் கூடி, விட்டால் மங்குகிறது. பற்றறி செத்துக் கிடந்தாலும் அந்த லைற் எரியும். உதைத்தவுடன் ஸ்ரார்ட் வருவதும் பல வண்டிகளில் அப்படித்தான், பிளக்கில் தீப்பொறி வரவைக்கும் சிடிஐக்குக் கரண்ட் கொடுப்பது வேறு காயில். ஆக, லைற்றையும் உதையையும் வைத்துச் சார்ஜுக்குச் சான்றிதழ் கொடுக்காதீர்கள்.

சாதாரண மல்ரிமீற்றர் போதும். 20 வோல்ற் டிசியில் வைத்து, இரவு முழுக்க நின்ற வண்டியில் அளந்தால் நல்ல பற்றறி 12.6 அளவில் காட்டும். 12க்குக் கிட்ட இறங்கியிருந்தால் வெளியில் சார்ஜ் போட்டுவிட்டு மிச்சத்தைப் பாருங்கள். பிறகு ஸ்ரார்ட் செய்து கொஞ்சம் முறுக்கிப் பிடியுங்கள். 13.5க்கும் 14.5க்கும் இடையில் ஏறி நின்றால் சார்ஜ் வருகிறது, அப்போது பற்றறியைச் சந்தேகிக்கலாம். ஏறவே இல்லை என்றால் புதுப் பற்றறிக்குக் கொடுக்கும் காசு வீண். 15ஐத் தாண்டினால் ரெகுலேற்றர் போய்விட்டது, பற்றறி கொதித்து வற்றும்.

ஏறாவிட்டால் உடனே காயிலுக்குப் பாயாமல் சொக்கற்றுகளையும் எர்த் போல்ற்றையும் பாருங்கள், மாரி வெள்ளம் கடந்த வண்டிகளில் அங்கேதான் பச்சை பிடித்திருக்கும். அவை சரியென்றால் காயில் வயரைப் பிரித்து, மீற்றரை ஏசிக்கு மாற்றி முறுக்குங்கள். முறுக்க முறுக்க வோல்ற் ஏறினால் காயிலில் பெரும்பாலும் பிழையில்லை, ரெகுலேற்றர் பக்கம் போங்கள்.

அப்புறம், ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினில் பற்றறி வயரைக் கழற்றிச் "சார்ஜ் பார்க்கும்" வேலையைத் தயவுசெய்து விடுங்கள். டைனமோக் காலத்துப் பழக்கம் அது. வோல்ற் ஒரேயடியாக எகிறி ரெகுலேற்றரோ பல்ப்போ போகும், இன்ஜெக்ஷன் வண்டியென்றால் எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டரான ஈசியூவுக்கே ஆபத்து.

யானை மறிக்கும் றோட்டில் இரவில் போகிறவர்கள் எல்ஈடி பார் பூட்டுவதை நான் குறை சொல்ல மாட்டேன், உயிர் முக்கியம். ஆனால் சின்ன வண்டியின் காயில் கொடுப்பதே கொஞ்சம், அதற்குத் தனிச் சுவிச் போட்டுத் தேவையான இடத்தில் மட்டும் எரியுங்கள். தண்ணீர் விடும் பற்றறி என்றால் டிஸ்ரில்ட் வோட்டர் மட்டும்தான். கேத்தலில் வெள்ளையாகப் படியும் எங்கள் கிணற்றுத் தண்ணீரை அதற்குள் ஊற்றிவிட்டு என்னிடம் கொண்டுவராதீர்கள்.