மல்ச்சிங் என்கிற மூடாக்கு

'மல்ச்சிங் போட்டாச்சா?' என்று ஒரு விவசாயி கேட்டால், இன்று பெரும்பாலும் அவர் மனதில் இருப்பது பாத்திமேல் இழுத்து விரிக்கும் பிளாஸ்டிக் தாள்தான். அந்தச் சொல் பிறந்தபோது பிளாஸ்டிக்கே கிடையாது.

பயிரைச் சுற்றி மண்ணை மூடப் பரப்பும் வைக்கோல், சருகு போன்றவற்றைக் குறிக்கும் மல்ச் என்பது ஆங்கிலத்தில் 17ஆம் நூற்றாண்டிலிருந்து வழங்கும் சொல். மென்மையான, ஈரமான என்று பொருள்படும் 'மோல்ஷ்' என்ற பழைய சொல்லிலிருந்து அது வந்திருக்க வேண்டும் என்பார்கள். பாதி மட்கிய வைக்கோலும் சருகும் கையில் எடுத்தால் எப்படி இருக்கும்? அந்தப் பதம்தான் பெயராகி நின்றுவிட்டது. பிளாஸ்டிக் தாள் வந்ததெல்லாம் வெகு பின்னால். அமெரிக்காவின் கென்டக்கி பல்கலைக்கழகத்தில் எம்மர்ட் என்பவர் 1950களில் காய்கறிப் பாத்திகளில் அதைச் சோதித்துப் பார்த்தார்.

தமிழில் இதற்கு மூடாக்கு என்ற நல்ல சொல் இருக்கிறது. மூடு என்பது அதில் வெளிப்படையாகவே கேட்கிறது. ஆங்கிலச் சொல் பொருளின் பதத்தைச் சொல்ல, தமிழ்ச் சொல் செய்யும் வேலையைச் சொல்கிறது. அதனால் எதைக் கொண்டு மூடினாலும் இது பொருந்தும்: வைக்கோல் மூடாக்கு, சருகு மூடாக்கு, தாள் மூடாக்கு. வரிசைகளுக்கு நடுவே தட்டைப்பயறோ கொள்ளோ விதைத்து மண்ணை மறைத்தால் அது உயிர் மூடாக்கு. நிலப்போர்வை என்றும் எழுதுகிறார்கள். அழகான சொல்தான், ஆனால் அது தாளுக்கு ஒட்டுகிற அளவு சருகுக்கு ஒட்டவில்லை என்பது என் எண்ணம்.

சரி, மூடினால் என்ன நடக்கும்? வெயிலும் காற்றும் மண்ணை நேரடியாகத் தொடாததால் ஈரம் மெதுவாகக் குறைகிறது. வெளிச்சம் படாததால் களை விதைகள் பல முளைப்பதில்லை. மழைத்துளி நேராக விழுந்து மேல்மண்ணைச் சிதறடிப்பதில்லை. மண் தெறித்து இலைக்கு ஏறும் நோயும் குறையும். இதெல்லாம் தாளுக்கும் பொருந்தும். அடுத்தது பொருந்தாது: இலைதழை மட்கி மண்ணாகிறது, மண்புழுவுக்கும் நுண்ணுயிருக்கும் உணவாகிறது.

அந்த மட்கலில் ஒரு கணக்கு இருக்கிறது. வைக்கோலில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு, அதாவது நைட்ரஜனுக்கு, சுமார் 80 பங்கு கரிமம் (கார்பன்) உண்டு. மரத்தூளில் அது பல நூறு பங்கு. இவ்வளவு கரிமத்தைத் தின்று தீர்க்க நுண்ணுயிர்களுக்குத் தழைச்சத்து தேவைப்படுகிறது; பொருளில் போதாதபோது மண்ணிலிருந்து எடுத்துக்கொள்கின்றன. மேலே பரப்பி வைத்தால் பாதிப்பு மேற்பரப்போடு நின்றுவிடும். அதையே மண்ணோடு கலந்து உழுதுவிட்டால் பயிர் சில காலம் வெளுத்துப்போகும். மூடாக்கு வேறு, மட்கு உரம் வேறு என்று பிரித்துச் சொல்ல வேண்டியது இதனால்தான். ஒன்று மேலே கிடக்க வேண்டியது, மற்றது கலக்கத் தயாரானது.

பழமரங்களில் இன்னொரு தவறு அடிக்கடி நடக்கிறது. அடிமரத்தைச் சுற்றிச் சருகைக் குவித்துவிடுகிறார்கள். பட்டை எப்போதும் ஈரமாக இருந்தால் அழுகல் வரும், எலியும் குடியேறும். ஒரு சாண் இடைவெளி விட்டு, கிளைகள் விரிந்திருக்கும் அகலத்துக்குப் பரப்ப வேண்டும். இரண்டிலிருந்து நான்கு அங்குலக் கனம் போதும். அதற்குமேல் போனால் வேருக்குக் காற்று குறையும், சிறுமழை மண்ணை எட்டாது.

மூடாக்கு போடுதல், மூடாக்கு இடுதல் இரண்டுமே சரி. தாள் மூடாக்குக்கு மட்டும் இன்னொரு வினையும் சேர்ந்தே வர வேண்டும்: எடுத்தல். அறுவடைக்குப் பின் கிழியவிட்டு அப்படியே உழுதால், துண்டுகள் மட்காமல் அந்த மண்ணிலேயே தங்கிவிடும்.