டயருக்குக் காத்து அடிக்கும்போது கேஜ் முள்ளு காட்டுறத அப்படியே நம்பாதீங்க

டயர் வேலைல இருக்கறதால என்கிட்ட அடிக்கடி வர்ற கேள்வி, "நேத்துதான் காத்து அடிச்சேன், கேஜ்ல (காத்தழுத்தம் அளக்கற மீட்டர்) 32 பி.எஸ்.ஐ. (அழுத்தத்தோட அளவு) காட்டுச்சு, இன்னைக்கு வேற கேஜ்ல 28தான் இருக்கு, பஞ்சரா?" முக்கால்வாசி நேரம் பஞ்சரெல்லாம் இல்லீங்க, அளந்த விதம்தான் கோளாறு.

பம்ப்புலயும் கம்ப்ரசர்லயும் இருக்கற கேஜ் டயரைப் பாக்கறதில்ல, ஹோஸுக்குள்ள என்ன பிரஷர்னுதான் பாக்குது. காத்து ஓடிட்டு இருக்கறப்ப ஹோஸ்ல டயரவிட பிரஷர் அதிகமாத்தான் இருக்கும், இல்லன்னா காத்து எப்படி உள்ள போகும்? அதனால அடிக்கறத நிறுத்திட்டு முள்ளு இறங்கி ஒரு இடத்துல நிக்கறவரைக்கும் பொறுங்க, அப்ப காட்டுறதுதான் கணக்கு. சைக்கிள்ல மெல்லிசா இருக்குமே பிரெஸ்டா வால்வு, அதுல இன்னும் கூத்து, வால்வு தானா மூடிக்கறதால பம்ப்ப மாட்டின உடனே டயர் ஃபுல்லா இருந்தாலும் முள்ளு ஜீரோல நிக்கும், ஒரு அழுத்து அழுத்தினாதான் எழும்பும். பயந்துடாதீங்க.

அடுத்தது சூடு. கம்பெனிக்காரன் டிரைவர் சைடு கதவுத் தூண்ல ஒட்டியிருக்கற நம்பர் ஆறின டயருக்கு. அதாவது வண்டி ஒரு 3 மணி நேரமாவது நின்னிருக்கணும், இல்ல ஒன்றரை கிலோமீட்டருக்குள்ளதான் ஓடியிருக்கணும். நல்லா ஓட்டிட்டு வந்து பாத்தா 4, 5 பி.எஸ்.ஐ. கூடுதலா காட்டும், அதப் பாத்துட்டு காத்தை இறக்கி விடறாங்க பாருங்க, அதுதான் பெரிய தப்பு, ஆறினதும் டயர் தொய்ஞ்சு போயிடும். வெயில், குளிர் மாறினாலும் நம்பர் நகரும், தோராயமா 5, 6 டிகிரி செல்சியஸுக்கு 1 பி.எஸ்.ஐ. டயர் பக்கவாட்டுல அச்சடிச்சிருக்கறது டயர் தாங்கற உச்ச அளவு, அந்த அளவுக்கு அடிக்கச் சொல்லி போட்டது இல்ல.

கேஜ் வாங்கறப்ப பெரிய நம்பர் வரைக்கும் இருக்கறதுதான் நல்லதுன்னு நினைக்காதீங்க. நிறைய கேஜ்ல பிழைய மொத்த அளவுல இத்தனை சதவீதம்னுதான் சொல்வாங்க, 160 வரைக்கும் போற கேஜ்ல 2 சதவீதம்னா 3 பி.எஸ்.ஐ.க்கு மேல தள்ளிக் காட்டலாம், அதே 60 வரைக்கும் இருக்கறதுல 1 சொச்சம்தான். காருக்கு 60 போதும். முள்ளு கேஜ் கீழ விழுந்துச்சுன்னா சும்மா இருக்கறப்ப ஜீரோல நிக்குதான்னு பாருங்க, ஆனா ஜீரோல நின்னாலே 32லயும் சரியா காட்டும்னு அர்த்தம் இல்ல, நம்பிக்கையான இன்னொரு கேஜோட ஒரே டயர்ல வச்சு ஒப்பிட்டாதான் தெரியும்.

கார்ல வார்னிங் லைட் இருக்கே, அது போதாதான்னு கேப்பாங்க. அமெரிக்க விதிப்படியே அது 25 சதவீதம் குறைஞ்சப்புறம் எரிஞ்சா போதும், 32க்கு அது 24! அவ்ளோ இறங்கறவரைக்கும் நீங்க ஓட்டிட்டே இருப்பீங்க.

அளக்கறப்ப கேஜை வால்வு மேல நேரா வச்சு டக்குனு அழுத்துங்க, புஸ்ஸுனு சத்தம் வந்துட்டே இருந்தா அந்த ரீடிங் குறைச்சலாத்தான் இருக்கும், எடுத்துட்டு மறுபடி வைங்க.